முத்துப்பிள்ளை கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன்: எது இருக்கும், எது இருக்காது, ஏன்?

கேள்வி இதுதான். 15 வாரக் கர்ப்பம், ஸ்கேனில் முத்துப்பிள்ளை (சிசு இயல்பாக வளராமல் நஞ்சுக்கொடித் திசு நீர் கோத்துப் பெருகும் கோளாறு) என்று தெரிந்துவிட்டது, சிசு இல்லை. கர்ப்பப் பரிசோதனையில் அளக்கும் ஹார்மோனான பீட்டா எச்.சி.ஜி பல லட்சம். ஈஸ்ட்ரோஜன் வகைகளில் ஒன்றான எஸ்ட்ராடையாலின் அளவு அந்த வாரத்துச் சாதாரண கர்ப்பத்துக்கு உரிய எல்லைக்குள்ளேயே இருக்கிறது. இன்னொரு வகையான எஸ்ட்ரியால் மட்டும் மிகமிகக் குறைவு. குழந்தையே இல்லாத கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் எங்கிருந்து வந்தது? வந்தது என்றால், ஒன்று மட்டும் ஏன் வரவில்லை?

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஸ்ட்ரியாலுக்கான மூலப்பொருளை அனுப்புவது சிசு. எஸ்ட்ராடையாலுக்கான மூலப்பொருளைத் தாயின் உடலாலேயே ஓரளவு கொடுக்க முடியும். முழு முத்துப்பிள்ளையில், அதாவது சிசுவே உருவாகாத வகையில், தாய் இருக்கிறார், நஞ்சுக்கொடித் திசு தேவைக்கு மேல் இருக்கிறது, சிசு இல்லை. அதனால் எஸ்ட்ரியால் சரிகிறது, எஸ்ட்ராடையால் நிற்கிறது. "முத்துப்பிள்ளையில் ஈஸ்ட்ரோஜன் கூடுமா, குறையுமா?" என்று மொத்தமாகக் கேட்டால் விடை கிடைக்காது. எந்த ஈஸ்ட்ரோஜன், எத்தனையாவது வாரம், சினைப்பையில் நீர்க்கட்டி உண்டா என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

சாதாரண கர்ப்பத்தில் இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். கர்ப்பத்தின் முதல் சில வாரங்களில் எஸ்ட்ராடையாலும் புரொஜெஸ்டிரோனும் சினைப்பையில் கருமுட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியத்திலிருந்து வருகின்றன. அதைத் தட்டி எழுப்பி வேலை வாங்குவது எச்.சி.ஜி. 7 முதல் 9 வாரத்துக்குள் அந்தப் பொறுப்பு மெல்ல நஞ்சுக்கொடிக்கு மாறுகிறது. அதன் பிறகு கார்பஸ் லூட்டியம் இல்லாவிட்டாலும் கர்ப்பம் நிற்கும்.

நஞ்சுக்கொடியின் வெளிப்புற உறையான சின்சிஷியோட்ரோஃபோபிளாஸ்ட்தான் ஹார்மோன் தயாராகும் இடம். தாயின் ரத்தத்தில் வரும் எல்.டி.எல் கொலஸ்ட்ராலை அது உள்ளே இழுத்து முதலில் பிரெக்னனலோனாகவும், பிறகு புரொஜெஸ்டிரோனாகவும் மாற்றுகிறது. இதற்குச் சிசுவின் உதவி தேவையில்லை. ஆனால் புரொஜெஸ்டிரோனிலிருந்து ஈஸ்ட்ரோஜனுக்குப் போகும் வழியில் ஒரு படி அங்கே கிடையாது. 17-ஆல்பா ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி மனித நஞ்சுக்கொடியில் அநேகமாக இல்லவே இல்லை. கொலஸ்ட்ராலிலிருந்து ஆண்ட்ரோஜன் செய்ய அந்த நொதி வேண்டும். ஆண்ட்ரோஜன் இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் இல்லை. ஆகவே நஞ்சுக்கொடி ஆண்ட்ரோஜனை வெளியிலிருந்து வாங்கித்தான் ஆக வேண்டும்.

வெளியிலிருந்து வருவது டி.எச்.இ.ஏ சல்ஃபேட் என்ற ஆண்ட்ரோஜன் வகைப் பொருள். அதைக் கொடுப்பவர்கள் இருவர்: தாயின் அட்ரீனல் சுரப்பி, சிசுவின் அட்ரீனல் சுரப்பி. உடல் எடையோடு ஒப்பிட்டால் சிசுவின் அட்ரீனல் பெரியவர்களுடையதைவிடப் பல மடங்கு பெரியது. பிரசவ காலம் நெருங்கும்போது அது நாளொன்றுக்கு 100 முதல் 200 மில்லிகிராம் ஸ்டீராய்டு சுரக்கிறது. ஓய்வில் இருக்கும் பெரியவரின் அட்ரீனல் சுரப்பது 30 முதல் 40 மில்லிகிராம்தான். பிறந்த பிறகு சில மாதங்களில் சுருங்கி மறையும் 'சிசு மண்டலம்' என்ற பகுதி அங்கே இருப்பதே இந்த உற்பத்திக்காக.

ஒரு டி.எச்.இ.ஏ சல்ஃபேட் மூலக்கூறு போகும் பாதையைப் பாருங்கள். சிசுவின் அட்ரீனலில் பிறக்கிறது. சிசுவின் கல்லீரலுக்குப் போகிறது; அங்கே அதன் 16-ஆம் கரியணுவில் ஒரு ஹைட்ராக்சில் ஒட்டப்படுகிறது. தொப்புள்கொடி வழியாக நஞ்சுக்கொடிக்கு வருகிறது. அங்கே சல்ஃபடேஸ் என்ற நொதி சல்ஃபேட்டைக் கழற்றுகிறது. அடுத்த நொதி அதை ஆண்ட்ரோஸ்டீன்டயோன் வகைப் பொருளாக மாற்றுகிறது. கடைசியில் அரோமட்டேஸ் அதை ஈஸ்ட்ரோஜனாக்குகிறது. 16-ஆம் கரியணுவில் ஏற்கெனவே ஹைட்ராக்சில் இருப்பதால் விளைவது எஸ்ட்ரியால். அந்தக் கல்லீரல் நிறுத்தத்தைத் தொடாமல் நேரே நஞ்சுக்கொடிக்கு வரும் டி.எச்.இ.ஏ சல்ஃபேட், அது தாயுடையதாக இருந்தாலும் சிசுவுடையதாக இருந்தாலும், எஸ்ட்ரோனாகவும் எஸ்ட்ராடையாலாகவும் மாறுகிறது.

பிரசவ காலக் கணக்கில் எஸ்ட்ராடையாலின் மூலப்பொருளில் ஏறக்குறையப் பாதி தாயிடமிருந்தும் பாதி சிசுவிடமிருந்தும் வருகிறது. எஸ்ட்ரியாலின் மூலப்பொருளில் சுமார் 90 சதவீதம் சிசுவினுடையது. இந்த 50-க்கும் 90-க்கும் உள்ள வேறுபாட்டில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது.

சிசுவும் நஞ்சுக்கொடியும் சேர்ந்து ஒரே தொழிற்கூடமாக இயங்குகின்றன என்ற கருத்தை 1960களில் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் எகான் டிச்ஃபலூசி முன்வைத்தார். அதே காலத்தில் டென்மார்க்கின் ஃபிரான்ட்சனும் ஸ்டாக்மனும் மூளை வளராத சிசுக்களைச் சுமந்த தாய்மார்களின் சிறுநீரில் எஸ்ட்ரியால் மிகக் குறைவாக இருப்பதை 1961இல் வெளியிட்டார்கள். அந்தச் சிசுக்களுக்குப் பிட்யூட்டரியின் தூண்டுதல் இல்லாததால் அட்ரீனல் வளர்வதில்லை. சிசுவின் அட்ரீனல் மட்டும் குன்றினால் என்ன ஆகும் என்பதை அது காட்டியது. சிசுவே இல்லையென்றால் என்ன ஆகும்? அதற்கான இயற்கையின் பரிசோதனைதான் முழு முத்துப்பிள்ளை. அமெரிக்காவின் டாலஸில் பால் மெக்டொனால்டும் பென்ட்டி சீட்டேரியும் முத்துப்பிள்ளை உள்ள பெண்களின் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியை ஆராய்ந்து 1964இல் வெளியிட்டார்கள். தாயின் ரத்தத்தில் ஓடும் டி.எச்.இ.ஏ சல்ஃபேட்டை முத்துப்பிள்ளைத் திசு எடுத்து ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது, ஆனால் சாதாரண கர்ப்பத்தில் காணும் எஸ்ட்ரியால் பெருக்கம் அங்கே இல்லை என்பது அதன் சாரம்.

முழு முத்துப்பிள்ளையில் என்ன நடந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தாயின் மரபணு இல்லாத முட்டைக்குள் ஒரு விந்தணு புகுந்து தன் குரோமோசோம்களை இரட்டித்துக்கொள்கிறது. சில நேரம் இரண்டு விந்தணுக்கள் புகுகின்றன. குரோமோசோம் எண்ணிக்கை 46 தான், ஆனால் அத்தனையும் தகப்பனுடையவை. இதை 1977இல் ஜப்பானின் கஜியும் ஓஹாமாவும் நிறுவினார்கள். தகப்பன் வழி மரபணுக்கள் நஞ்சுக்கொடித் திசுவைப் பெருக்கும் பக்கம் சாய்ந்தவை. எனவே நஞ்சுக்கொடியின் புறச்செல்களான ட்ரோஃபோபிளாஸ்ட் கட்டுக்கடங்காமல் பெருகுகிறது, சிசு உருவாவதில்லை. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், வில்லஸ் எனப்படும் நஞ்சுக்கொடியின் விரல் போன்ற நீட்சிகள் ஒவ்வொன்றும் நீர் கோத்து வீங்கியிருக்கும். நடுவே திசு கரைந்து வெறும் நீர்க்குளமாக இருக்கும். சுற்றிலும் ட்ரோஃபோபிளாஸ்ட் அடுக்கடுக்காகக் குவிந்திருக்கும். சாதாரண வில்லஸின் நடுவே ஓடும் சிசுவின் ரத்தக் குழாய்கள் இங்கே இருக்காது. இருந்தாலும் அவற்றில் ரத்தம் ஓடாது. சிசுவிடமிருந்து வரும் சரக்கு இறங்கும் துறையே இல்லை என்று பொருள்.

இந்தத் திசுவில் சல்ஃபடேஸ் உண்டு, அரோமட்டேஸும் உண்டு. அப்படியானால் இவ்வளவு திசு இருக்கும்போது எஸ்ட்ராடையால் ஏன் எச்.சி.ஜி போல எகிறுவதில்லை? இதைப் பலரும் கேட்கிறார்கள். நஞ்சுக்கொடியை ஒரு ரைஸ் மில்லாக நினைத்துக்கொள்ளுங்கள். மில் எவ்வளவு பெரிதானாலும் வந்த நெல்லைத்தான் அரைக்கும். தாயின் அட்ரீனல் அனுப்பும் டி.எச்.இ.ஏ சல்ஃபேட்டுக்கு ஓர் அளவு உண்டு. திசு பெருகியதற்காக அது பெருகுவதில்லை. எச்.சி.ஜி அப்படியில்லை. அதை ட்ரோஃபோபிளாஸ்ட் தன் மரபணுவை வைத்துத் தானே செய்துகொள்ளும் புரதம். திசு கூடினால் அதுவும் கூடும். புரொஜெஸ்டிரோனும் ஓரளவுக்கு அப்படித்தான்: மூலப்பொருளான கொலஸ்ட்ரால் தாயின் ரத்தத்தில் தாராளமாகக் கிடைப்பதால், ஆரம்ப வாரங்களில் முத்துப்பிள்ளையில் புரொஜெஸ்டிரோன் சாதாரணத்தைவிடக் கூடுதலாக இருப்பதுண்டு.

இனி எண்கள். லேபுக்கு லேப் முறை மாறும் என்பதால் இவற்றைத் தோராய எல்லைகளாக மட்டும் கொள்ளுங்கள். சாதாரண கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் எஸ்ட்ராடையால் ஒரு மில்லிலிட்டருக்கு சுமார் 200 முதல் 2,500 பைகோகிராம் வரை இருக்கலாம். இரண்டாம் மூன்று மாதங்களில் சுமார் 1,300 முதல் 7,200 வரை. பிரசவ காலத்தில் பத்தாயிரத்தைத் தாண்டிப் போவது சகஜம். எல்லை எவ்வளவு அகலம் என்று பாருங்கள்: ஒரே வாரத்தில் இருக்கும் இரண்டு ஆரோக்கியமான பெண்களிடம் பல மடங்கு வித்தியாசம் இருக்கலாம். பிணைப்பில்லா எஸ்ட்ரியால், அதாவது வேறெதனோடும் பிணையாமல் ரத்தத்தில் இருக்கும் எஸ்ட்ரியால், 9-ஆம் வாரத்தை ஒட்டித்தான் அளக்கும்படி தென்படத் தொடங்குகிறது. 16 வாரத்தை ஒட்டி மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம் அளவில் இருக்கும். பிரசவ காலத்தில் 10 நானோகிராமைத் தாண்டும். ரிப்போர்ட் வேறு அலகில் இருந்தால், எஸ்ட்ராடையாலில் 1 பைகோகிராம்/மி.லி. என்பது 3.67 பைகோமோல்/லிட்டர், எஸ்ட்ரியாலில் 1 நானோகிராம்/மி.லி. என்பது 3.47 நானோமோல்/லிட்டர். இந்த மாற்றத்தைச் செய்யாமல் இணையத்தில் கிடைக்கும் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பயந்துபோகிறவர்கள் நிறைய.

முழு முத்துப்பிள்ளையில் எஸ்ட்ராடையால் பெரும்பாலும் இதே அகலமான எல்லைக்குள் விழுகிறது. சிலரிடம் மேலே போகிறது. எஸ்ட்ரியால் அந்த வாரத்துக்கு உரியதைவிட வெகு கீழே இருக்கிறது. முழுப் பூஜ்ஜியம் ஆவதில்லை, ஏனென்றால் தாயின் கல்லீரலும் சிறிதளவு 16-ஹைட்ராக்சில் வேலையைச் செய்கிறது. பழைய சிறுநீர்ப் பரிசோதனைகளில் இது விகிதமாக நன்றாகத் தெரிந்தது: முதிர்ந்த சாதாரண கர்ப்பத்தில் எஸ்ட்ரோனும் எஸ்ட்ராடையாலும் சேர்ந்த அளவைவிட எஸ்ட்ரியால் பத்து மடங்கும் அதற்கு மேலும் வெளியேறும், முத்துப்பிள்ளையில் அந்த ஏற்றத்தாழ்வு இருக்காது.

பழைய கட்டுரைகளைப் படிப்பவர்கள் வாரத்தைக் கவனிக்கத் தவறுகிறார்கள். அந்தக் காலத்தில் முத்துப்பிள்ளை 16, 18, 20 வாரங்களில்தான் தெரியவந்தது. வயிறு நாளுக்கு மீறிப் பெருத்து, ரத்தப்போக்கோடு வந்த பிறகு. அந்த வாரத்தில் சாதாரண கர்ப்பத்தின் எஸ்ட்ரியால் நன்றாக ஏறியிருக்கும் என்பதால் இரண்டுக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. இன்று பெரும்பாலும் 8 முதல் 10 வாரத்துக்குள் ஸ்கேனில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அந்த வாரத்தில் ஆரோக்கியமான கர்ப்பத்திலேயே எஸ்ட்ரியால் இல்லாததற்குச் சமம். 8 வாரத்தில் எஸ்ட்ரியால் குறைவு என்று ஒரு ரிப்போர்ட் சொன்னால் அதற்கு எந்த அர்த்தமும் கிடையாது. அதே 8 வாரத்தில் எஸ்ட்ராடையால் பெருமளவு சினைப்பையிலிருந்து வந்துகொண்டிருக்கும். முத்துப்பிள்ளையின் கூடுதல் எச்.சி.ஜி அந்தச் சினைப்பையை இன்னும் விரட்டுவதால் அளவு சற்று உயர்ந்தும் இருக்கலாம்.

சினைப்பையின் பங்கு இங்கேதான் பெரிதாகிறது. எச்.சி.ஜி ஒரு லட்சத்தைத் தாண்டி நாள்கணக்கில் நிற்கும்போது இரண்டு சினைப்பைகளிலும் தீக்கா லூட்டீன் கட்டிகள் உருவாகலாம். பல அறைகள் கொண்ட, 6 சென்டிமீட்டருக்கு மேல் வளரக்கூடிய நீர்க்கட்டிகள். எஸ்ட்ராடையால் உயர்ந்திருக்கும் முத்துப்பிள்ளைகளில் இந்தக் கட்டிகள் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவை ஈஸ்ட்ரோஜனையும் ஆண்ட்ரோஜனையும் தாமே சுரக்கும். ஆண்ட்ரோஜன் ஏறினால் சிலருக்கு முகத்தில் முடி வளர்வதும் பருக்கள் வருவதும் உண்டு. பலருக்கு அது வெளியே தெரியாமல் போவதற்கு இரண்டு காரணங்கள்: முத்துப்பிள்ளைத் திசுவின் அரோமட்டேஸ் அந்த ஆண்ட்ரோஜனில் ஒரு பகுதியை எஸ்ட்ராடையாலாக மாற்றிவிடுகிறது, ஈஸ்ட்ரோஜன் உயர்வால் கல்லீரல் செய்யும் பாலின ஹார்மோன் பிணைப்புப் புரதம் கூடி, மிச்சத்தைக் கட்டிவைக்கிறது. அதனால் மொத்த டெஸ்டோஸ்டிரோன் எண் பெரிதாக இருந்தாலும் உடலில் அடையாளம் இருக்காது. திசுவை எடுத்த பிறகு எச்.சி.ஜி இறங்க இறங்க, 8 முதல் 12 வாரங்களில் கட்டிகள் தாமே சுருங்கும். முறுக்கிக்கொண்டாலோ வெடித்தாலோ ஒழிய அவற்றை அறுவை செய்து எடுக்கத் தேவையில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம், பெரிய கட்டியைப் பார்த்துப் பதறி நல்ல சினைப்பையை இழக்கக் கூடாது என்பதுதான்.

பகுதி முத்துப்பிள்ளை வேறு கதை. அங்கே ஒரு நல்ல முட்டைக்குள் இரண்டு விந்தணுக்கள் புகுந்து குரோமோசோம் 69 ஆகிறது. சிசு உண்டு, ஆனால் குறைபாடுள்ள சிசு. பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள்ளேயே இதயத் துடிப்பு நின்றுவிடும். சிசு உயிரோடு இருக்கும்வரை ஓரளவு எஸ்ட்ரியால் வரலாம், நின்றபின் இறங்கும். எச்.சி.ஜியும் முழு முத்துப்பிள்ளை அளவுக்கு ஏறுவதில்லை. ஆகவே ஹார்மோன் எண்களை மட்டும் வைத்துப் பகுதி முத்துப்பிள்ளையைச் சாதாரணக் கருச்சிதைவிலிருந்து பிரிக்க முடியாது. எடுத்த திசுவைப் பேத்தாலஜிக்கு அனுப்பினால்தான் தெரியும். அங்கே பி57 என்ற சாயச் சோதனை உண்டு: தாயின் மரபணுவிலிருந்து மட்டும் உருவாகும் ஒரு புரதத்தை அது தேடுகிறது. முழு முத்துப்பிள்ளையில் தாயின் மரபணு இல்லாததால் வில்லஸின் செல்களில் சாயம் ஏறாது; பகுதியில் ஏறும். கருச்சிதைவு என்று சொல்லி கிளீன் செய்த எந்தத் திசுவையும் பரிசோதனைக்கு அனுப்பாமல் விட வேண்டாம் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

அபூர்வமாக இரட்டைக் கர்ப்பத்தில் ஒன்று முழு முத்துப்பிள்ளையாகவும் மற்றொன்று நல்ல சிசுவாகவும் இருக்கும். அப்போது எச்.சி.ஜி மிக உயரமாக இருந்தாலும், சிசு இருப்பதால் எஸ்ட்ரியாலும் வரும். 'எஸ்ட்ரியால் இருக்கிறது, எனவே முத்துப்பிள்ளை இல்லை' என்று முடிவு கட்ட முடியாததற்கு இந்த நிலையே போதும்.

எதிர்த்திசைத் தவறும் நடக்கிறது. 15 முதல் 20 வாரத்தில் எடுக்கும் ட்ரிபிள் அல்லது குவாட்ரபிள் மார்க்கர் டெஸ்டில் (சிசுவின் குரோமோசோம் கோளாறு போன்றவற்றைத் தேடும் ரத்தப் பரிசோதனை) பிணைப்பில்லா எஸ்ட்ரியால் ஓர் அங்கம். அது குறைவாக வந்தால் முத்துப்பிள்ளை என்று அர்த்தமில்லை. கர்ப்ப வாரத்தைத் தவறாகக் கணக்கிட்டிருக்கலாம். அதுதான் முதலில் சரிபார்க்க வேண்டியது. சிசுவுக்கு நஞ்சுக்கொடி சல்ஃபடேஸ் குறைபாடு இருக்கலாம்; அதில் எஸ்ட்ரியால் கிட்டத்தட்ட இல்லாமலே போகும், குழந்தை நலமாகப் பிறந்து பின்னால் மீன்செதில் போன்ற வறண்ட தோலோடு வளரும்; இது பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு. டவுன் சிண்ட்ரோம், 18-ஆம் குரோமோசோம் கோளாறு ஆகியவற்றிலும் குறையும். தாய் பிரெட்னிசலோன், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தால் அட்ரீனல் அடங்கி எஸ்ட்ரியால் இறங்கும். ஸ்கேனில் துடிக்கும் இதயத்தோடு சிசு இருக்கிறது, நஞ்சுக்கொடியும் இயல்பாகத் தெரிகிறது என்றால் எஸ்ட்ரியால் குறைவு இந்தப் பக்கம்தான் கையைக் காட்டும்.

லேபில் என்ன தவறலாம்? எஸ்ட்ராடையால் கருவிகள் கர்ப்பமில்லாத பெண்களின் அளவை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. கருவியின் உச்சம் 3,000 என்றால் ரிப்போர்ட்டில் '3,000-க்கு மேல்' என்றுதான் வரும். மாதிரியை நீர்த்து மறுபடி ஓட்டச் சொன்னால்தான் உண்மை எண் கிடைக்கும். எச்.சி.ஜியில் சிக்கல் இதைவிடப் பெரிது: அளவு பத்து லட்சத்தை நெருங்கும்போது சோதனையில் உள்ள எதிர்ப்பொருள்கள் எல்லாம் நிரம்பிவிட்டு, எண் பொய்யாகக் குறைந்து வரும். சிறுநீர் கார்டு டெஸ்டே நெகட்டிவ் காட்டியதும் உண்டு. வயிறு பெருத்து ஸ்கேனும் முத்துப்பிள்ளையைக் காட்டி, எச்.சி.ஜி மட்டும் பொருந்தாமல் குறைவாக வந்தால், மாதிரியை நீர்த்து மறுபடி பார்க்கும்படி லேபிடம் கேட்க வேண்டும்.

முடி, நகத்துக்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைச் சொல்லிவிட்டு ரத்தம் கொடுங்கள். பயோட்டினைப் பிடிமானமாகப் பயன்படுத்தும் கருவிகளில் அது இரண்டு சோதனைகளையும் எதிரெதிர்த் திசையில் புரட்டிவிடும்: எஸ்ட்ராடையாலைப் பொய்யாகக் கூட்டும், எச்.சி.ஜியைப் பொய்யாகக் குறைக்கும். 5 அல்லது 10 மில்லிகிராம் மாத்திரை எடுப்பவர்கள் இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டுக் கொடுப்பது நல்லது.

தைராய்டையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஈஸ்ட்ரோஜன் அங்கேயும் எண்ணைக் குழப்புகிறது. ஈஸ்ட்ரோஜன் உயர்ந்தால் கல்லீரல் தைராய்டு பிணைப்புப் புரதத்தைக் கூடுதலாகச் செய்யும். அதனால் டி4 என்ற தைராய்டு ஹார்மோனின் மொத்த அளவு நோய் இல்லாமலே உயரும். முத்துப்பிள்ளையில் இதற்கு மேல் எச்.சி.ஜி தானே பிட்யூட்டரியின் தைராய்டு தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச் போல நடித்துத் தைராய்டைத் தூண்டுகிறது. இரண்டையும் பிரித்தறிய ஃப்ரீ டி4, டி.எஸ்.எச் இரண்டும் பார்க்க வேண்டும். மொத்த டி4 மட்டும் போதாது. உண்மையிலேயே தைராய்டு மிகுந்திருந்தால் மயக்க மருந்து கொடுக்கும் முன் புரொப்ரனலால் போன்ற மருந்தால் இதயத் துடிப்பைக் கட்டுக்குள் கொண்டுவருவார்கள். படபடப்பு, கை நடுக்கம், வியர்வை இருந்தால் ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் முன்பே மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எஸ்ட்ராடையால், எஸ்ட்ரியால் இரண்டையும் அளந்து இன்று யாரும் முத்துப்பிள்ளையை உறுதி செய்வதில்லை. ஸ்கேன், எச்.சி.ஜி, பேத்தாலஜி, இந்த மூன்றுதான். ஐ.வி.எஃப் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு எஸ்ட்ராடையால் வழக்கமாக எடுக்கப்படுவதால் அந்த எண் கையில் இருக்கும்; மருந்தால் சினைப்பையைத் தூண்டியிருப்பதாலும், சிலருக்கு எஸ்ட்ராடையால் மாத்திரையே கொடுத்திருப்பதாலும், அதை வைத்துக் கர்ப்பத்தின் தன்மையைக் கணிப்பது வீண்.

திசுவை வேக்கம் முறையில் உறிஞ்சி எடுத்தபின் எஸ்ட்ராடையால் சில நாள்களிலேயே இறங்கிவிடும். கட்டிகள் உள்ளவர்களிடம் மெதுவாக. ஆனால் அது இறங்கியது 'எல்லாம் போய்விட்டது' என்பதற்குச் சான்று ஆகாது; கருப்பைச் சுவருக்குள் ஒட்டிக்கொண்டு மிஞ்சும் சிறு ட்ரோஃபோபிளாஸ்ட் எஸ்ட்ராடையாலில் தெரியாது, எச்.சி.ஜியில் தெரியும். முழு முத்துப்பிள்ளைக்குப் பின் 15 முதல் 20 சதவீதப் பேருக்கு இப்படி மிஞ்சிய திசுவுக்கு மேல்சிகிச்சை தேவைப்படுகிறது. பகுதியில் அது 5 சதவீதத்துக்கும் குறைவு. ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை எச்.சி.ஜி எடுத்து, அது இயல்பாகும்வரை தொடர வேண்டும். அதன்பின் முழு முத்துப்பிள்ளைக்கு ஆறு மாதம் மாதாமாதம். பகுதிக்கு ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை. இது மகப்பேறு, மகளிர் மருத்துவர்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிகோவின் முறை. உங்கள் மருத்துவமனையின் அட்டவணை சற்று மாறலாம். மூன்று வாரத்தில் நான்கு அளவீடுகள் ஒரே மட்டத்தில் நின்றாலோ, இரண்டு வாரத்தில் மூன்று அளவீடுகள் 10 சதவீதத்துக்கு மேல் ஏறிக்கொண்டே போனாலோ கீமோ பற்றிப் பேசுவார்கள். பெரும்பாலும் முழுமையாகக் குணமாகும் நோய் இது. கண்காணிப்பை நடுவில் விடுவதுதான் ஆபத்து. முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள்.

கண்காணிப்பு முடியும்வரை கர்ப்பம் கூடாது; புதிய கர்ப்பத்தின் எச்.சி.ஜி பழையதை மறைத்துவிடும். மாதவிலக்கு வரும் முன்பே கருமுட்டை வெளியேறலாம் என்பதால் முதல் வாரத்திலிருந்தே தடுப்பு வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுக்கலாமா என்ற பயம் இங்கே வரும். 1970களில் பிரிட்டனில் வந்த ஓர் ஆய்வு, எச்.சி.ஜி இறங்கும் முன் மாத்திரை எடுத்தவர்களுக்கு மேல்சிகிச்சை கூடுதலாகத் தேவைப்பட்டதாகச் சொன்னது. பின்னால் வந்த ஆய்வுகளில் அது உறுதியாகவில்லை. உலக சுகாதார நிறுவனம் இந்த மாத்திரையை முத்துப்பிள்ளைக்குப் பின் தடையின்றிப் பயன்படுத்தக்கூடியதாக வகைப்படுத்தியிருக்கிறது. ரத்தக்கட்டு, கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலியோடு பார்வைக் கோளாறு என்று வேறு காரணத்தால் ஈஸ்ட்ரோஜன் ஆகாதவர்களுக்கு மட்டும் அது பொருந்தாது. காப்பர்-டியை எச்.சி.ஜி இயல்பாகும்வரை தள்ளிப்போடுங்கள். மென்மையாகிப்போன கருப்பையில் துளை விழவும் ரத்தப்போக்கு வரவும் வாய்ப்பு உண்டு.

மாத்திரையால் இன்னொரு பலனும் இருக்கிறது. மாதவிலக்கு நிற்கும் வயதை நெருங்கும் பெண்களுக்குப் பிட்யூட்டரி சுரப்பியே மிகச் சிறிய அளவில் எச்.சி.ஜி சுரக்கும். எச்.சி.ஜி 5, 8 என்று இறங்காமல் நின்றுவிட்டால் அது மிஞ்சிய திசுவா, பிட்யூட்டரியா என்ற சந்தேகம் வரும். இரண்டு மூன்று வாரம் ஈஸ்ட்ரோஜன்-புரொஜெஸ்டோஜன் மாத்திரை கொடுத்தால் பிட்யூட்டரி அடங்கி எண் மறைந்துவிடும். ட்ரோஃபோபிளாஸ்ட் என்றால் அடங்காது. தேவையில்லாத கீமோவை இந்த எளிய சோதனை தவிர்த்திருக்கிறது. இதோடு, ரத்தத்தில் எச்.சி.ஜி காட்டிச் சிறுநீரில் காட்டாவிட்டால், அது சோதனையைக் குழப்பும் எதிர்ப்பொருளால் வந்த பொய் எண்ணாக இருக்கலாம். கீமோவுக்கு முன் சிறுநீரிலும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த கர்ப்பத்தில் மறுபடி முத்துப்பிள்ளை வரும் வாய்ப்பு 1 முதல் 2 சதவீதம். இரண்டு முறைக்கு மேல் வந்தால், குறிப்பாக நெருங்கிய உறவில் திருமணங்கள் நடக்கும் குடும்பங்களில், என்.எல்.ஆர்.பி7 என்ற மரபணுவைச் சோதிப்பது பயன் தரும். அந்த வகையில் தாயின் முட்டையிலேயே கோளாறு இருப்பதால் வழி வேறு. மற்றவர்களுக்கு 6 முதல் 8 வாரத்தில் ஒரு ஸ்கேன் போதும். அதில் இதயத் துடிப்போடு சிசு தெரிந்து, நஞ்சுக்கொடியும் இயல்பாக இருந்தால் அந்தக் கர்ப்பத்தை மற்றக் கர்ப்பங்களைப் போலவே கவனிக்கலாம். எஸ்ட்ராடையால் எடுக்க வேண்டியதில்லை. பிரசவம் முடிந்து ஆறு வாரத்தில் மட்டும் ஒருமுறை எச்.சி.ஜி பார்த்துக்கொள்ளுங்கள், நஞ்சுக்கொடியையும் பேத்தாலஜிக்கு அனுப்பச் சொல்லி வார்டில் முன்கூட்டியே எழுதிவைக்கச் சொல்லுங்கள்.